சீச்சீக்காரரும் பல் டாக்டரின் காரும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாரும் வழி காட்ட மாட்டார்கள். சீச்சீக்காரர் கார் ஷெட் எங்கே என்று கேட்டால், பேச்சு வராத பிள்ளைகூடக் கையை நீட்டும். எதைப் பார்த்தாலும் 'சீ' என்றுதான் அவர் தொடங்குவார். ஆயில் மாற்றாத எஞ்சினுக்கு ஒரு சீ. சீட்டுக்கு அடியில் சூயிங்கம் ஒட்டிவைத்தவனுக்கு இரண்டு. பழைய காருக்கு மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து, அடியில் துருவை அப்படியே விட்டுவைத்துக்கொண்டு வரும் ஆசாமிகளுக்குக் கணக்கே கிடையாது. அவர்கள் தெருமுனை தாண்டும்வரை ஓடும்.

மெக்கானிக் என்றால் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். இவர் நகத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் மண்ணெண்ணெயில் ஒருமுறை, சோப்பில் ஒருமுறை கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் மறுபடி சோப்பைத் தேடுவார். துடைக்கும் துணிகள் தனித்தனி ஆணியில் தொங்கும். கை துடைக்கும் துணியால் யாராவது ஸ்பேனரைத் துடைத்துவிட்டால் அன்று அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வீட்டிலும் இதே பாடுதான். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று தன்னையும் இப்படித்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருப்பார், தான்தான் கவனிக்கவில்லை என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

வேலையில் கெட்டிக்காரர், அதில் பேச்சே இல்லை. ஆனால் பழுது எங்கே என்று தேடுவதற்கு முன்பே, இதை இப்படிப் பண்ணிவைத்தவன் எவன் என்று தேட ஆரம்பித்துவிடுவார். அந்த 'எவன்' பல வருஷங்களாக அவருடைய சொந்தத் தம்பியாகவே இருந்தான்.

அண்ணனும் தம்பியும் ஒரே ஷெட்டில்தான் வேலை பார்த்தார்கள். தம்பியிடம் அண்ணனுக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, கம்பி. கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் மெல்லிய கம்பி வைத்திருப்பான். திருகு பிடிக்கவில்லையா, கம்பி. ஏதாவது ஆடுகிறதா, கம்பி. அண்ணன் அதற்குக் கம்பி வைத்தியம் என்று பெயர் வைத்து, வாடிக்கையாளர் முன்னாலேயே கிண்டல் செய்வார். இரண்டாவது, அவன் சாப்பிடும் அழகு. கிரீஸ் கையை மேலோட்டமாகக் கால்சட்டையில் தேய்த்துவிட்டு, அதே கையால் ரொட்டியைப் பிட்டு வாயில் போடுவான். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தன் டப்பாவைத் திறப்பார்.

ஒருநாள் மதியம் அவன் ரொட்டியைப் பிட்டு, "அண்ணே, இந்தா, நல்லா இருக்கு" என்று நீட்டினான். வெள்ளை ரொட்டியில் கட்டைவிரல் ரேகை கறுப்பாக அச்சடித்திருந்தது. அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். ரொட்டி ஆயில் தட்டில் போய் விழுந்தது. "சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா" என்றார். ஷெட்டில் அப்போது வெளியாட்கள் நின்றிருந்தார்கள். தம்பி தன் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவன், பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. சாலைக்கு அப்பால் ஒரு லாரி ஷெட்டில் சக்கரம் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி. எஞ்சின் பிரிக்கத் தெரிந்தவன் சக்கரம் கழற்றுகிறான். அண்ணன் அதைக் கேட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் பல் டாக்டரின் கார் கடகடக்க ஆரம்பித்தது.

பல் டாக்டர் வயதானவர். ஊரார் வாய்க்குள் கை விட்டே ஆயுளைக் கழித்தவர், எதற்கும் முகம் சுளிக்காதவர். அதனாலேயே சீச்சீக்காரருக்கு அவரோடு கை குலுக்கும்போதெல்லாம் லேசாகக் குமட்டும். கார் அவருடைய அப்பா காலத்தது. உருண்டைத் தோளும் உருண்டை விளக்குமாக, தெருவில் வந்தால் நின்று பார்க்க வைக்கிற வண்டி. சகோதரர்கள் சேர்ந்திருந்த காலத்தில் அதன் எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டினார்கள். மேல்பாதி அண்ணன் வேலை. கீழே சுழல்கிற கிராங்க், அதைத் தாங்குகிற பேரிங் எல்லாம் தம்பி வேலை. பிரிந்த பிறகும் வண்டிக்குச் சில்லறை வேலைகளை அண்ணன்தான் டாக்டர் வீட்டுக்கே போய்ச் செய்துவந்தார்.

கார் நிற்கும் கொட்டகை, வீட்டோடு சேர்ந்த கிளினிக்குக்குப் பின்னால் இருந்தது. சீச்சீக்காரர் வெறுத்த இடங்களில் அதற்கு முதலிடம். மருந்து நெடி, எலி நெடி, இரண்டும் சேர்ந்த ஒரு மூன்றாவது நெடி. உடைந்த நாற்காலி ஒன்று, சுண்ணாம்பில் வார்த்த யார் யாருடைய தாடைகளோ, சுவரோரம் பிய்ந்த அட்டைப்பெட்டிகள். பெட்டிகளில் இளஞ்சிவப்பு மெழுகில் வரிசையாகக் குத்திவைத்த பொய்ப்பற்கள். அளவு கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களுடைய பல்செட்டுகள் அவை. டாக்டருக்கு அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு டாக்டர் விஷயத்தைச் சொன்னார். பஸ் முதலாளி ஒருவர் பழைய கார்களை வாங்கி ஒரு பெரிய கூடத்தில் நிறுத்திவைத்திருக்கிறார், அவற்றைக் கவனிக்க ஒரு மெக்கானிக் தேடுகிறார். தம்பி போய்க் கேட்டிருக்கிறான். இந்த எஞ்சினின் கீழ்ப்பாதி அவன் கட்டியது என்பதால், ஆள் எப்படி என்று முதலாளி டாக்டரிடம் விசாரித்திருக்கிறார்.

"உன் தம்பி வேலை பிரமாதம்னு நான் வாயால சொல்லணும். இந்தச் சத்தத்தை வச்சுக்கிட்டு எப்படிப்பா சொல்றது? அவன் போட்ட பேரிங்தான் கத்துதா, அதை மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார்.

தம்பியின் பிழைப்பு அண்ணன் காதில் வந்து தொங்கியது. அந்தக் காது எப்படிப்பட்ட காது என்று டாக்டருக்குத் தெரியாது.

சீச்சீக்காரர் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். பிடியை ஒரு புதுத் துணியில் சுற்றிக் காதில் வைத்துக்கொண்டு, முனையை எஞ்சினின் ஒவ்வொரு இடமாக ஊன்றினார். மேலே ஒன்றுமில்லை. முன்பக்கம் ஒன்றுமில்லை. கீழே, பின்பக்கம், ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம் சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடகடகட என்று காதை அறைந்தது. பின் பேரிங் இருக்கும் இடமும் அதுதான். அவர் முகம் அப்போதே தீர்ப்பெழுதிவிட்டது.

எஞ்சின் மட்டும் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். எந்த வயரைப் பிடுங்கும்போது சத்தம் தணிகிறதோ அங்கே நோய் என்பது இந்தத் தொழிலில் பழைய வழி. எதைப் பிடுங்கியும் தணியவில்லை. அப்படியானால் கண்டிப்பாகப் பின் பேரிங்தான் என்று வைத்துக்கொண்டார். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சத்தம் காணாமல் போயிற்று. தேய்ந்த பேரிங் வேகத்தில் இன்னும் ஓங்கி அடிக்குமே தவிர அடங்காது. அதைக் கேட்டும் கேளாதவர்போல விட்டார். ஆயில் பிரஷர் முள் நிற்க வேண்டிய இடத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது. பேரிங் போயிருந்தால் அது சரிந்திருக்க வேண்டும். அந்த மீட்டரை மாட்டியவனும் தம்பிதான் என்பது நினைவு வந்ததும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. முள் பொய் சொல்கிறது.

"பின் பேரிங் போச்சு டாக்டர். கம்பியைக் கட்டி ஒப்பேத்தியிருப்பான். சீ."

"திறந்து பார்க்காம எப்படி?"

"நாளைக்குத் திறக்கறேன். திறந்தாலும் இதேதான். எழுதி வச்சுக்குங்க."

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், டாக்டர் வீட்டுக் கொட்டகையின் நாற்றத்தில் ஆரம்பித்து, பஸ் முதலாளியின் வேலையைத் தொட்டு, தம்பியின் பேரிங்கில் கொண்டுவந்து முடித்தார். மனைவி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள்.

"உங்க தம்பிக்கு இந்த வேலை கிடைக்கப் போகுதுன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"எஞ்சின் சொல்லுது. நான் என்ன பண்ண?"

"எஞ்சின் சொல்லுச்சா, நீங்க சொன்னீங்களா?"

அவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. இருந்தும் கழுவி எடுத்துவரச் சொன்னார். கழுவத் தனக்குக் கை ஒழியவில்லை என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கீழே பழைய சாக்கு, அதன்மேல் துவைத்த சாக்கு, அதன்மேல் தன் போர்வை விரித்துச் சீச்சீக்காரர் மல்லாந்து படுத்தார். ஆயிலை வடித்து அடித்தொட்டியை இறக்கினார். எஞ்சினின் வயிறு தெரிந்தது. பின் பேரிங் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் கழன்றுவிடாமலிருக்கத் தம்பி கம்பி கோத்திருந்தான். அண்ணன் வாயைத் திறந்தார், சீ வரவில்லை. இரண்டு இழையையும் சீராக முறுக்கி, முனையை உள்பக்கம் மடித்து, கை வைத்தால் குத்தாதபடி விட்டிருந்தான். பொற்கொல்லன் செய்தது போல இருந்தது. மூடியைக் கழற்றினார். பேரிங் புதுக் காசு மாதிரி பளிச்சென்று இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அடுத்த மூடி, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் கழற்றினார். ஒரு கீறலைத் தேடி அந்த மனிதர் பட்ட பாடு சொல்லி முடியாது. தான் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது என்று மனசுக்குள் தோன்றியதை அவரால் சகிக்க முடியவில்லை.

அப்படியானால் கத்தியது எது? கையை நீட்டி ஃப்ளைவீலைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். எஞ்சின் ஓடவில்லை, ஆனாலும் உள்ளே எதுவோ உருண்டது. கட. இன்னும் கொஞ்சம் திருப்பினார். கடகட. ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் கூட்டின் அடித்தகட்டைத் தளர்த்தினார். தகடு ஒருபக்கமாகத் தொங்கியதும் உள்ளே இருந்த சரக்கெல்லாம் அவர் முகத்தில் கொட்டியது.

கிழிந்த துணி, பஞ்சு, மயிர், எலிப் புழுக்கை. காய்ந்து சுருங்கிய ஒரு சுண்டெலிக் குஞ்சு. அப்புறம் பற்கள். கன்னத்தில் பல், கழுத்துச் சுருக்கத்தில் பல். ஒரு முன்பல் நேராக வந்து அவர் உதட்டில் உட்கார்ந்தது.

அவர் காருக்கு அடியிலிருந்து எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. குழாயடியில் போய் வயிற்றில் இருந்ததெல்லாம் வாந்தியெடுத்தார். முகத்தைக் கழுவினார், மறுபடி கழுவினார், தோல் எரிகிறவரை கழுவினார். ஆயுள் முழுவதும் சேர்த்துவைத்த சீக்களெல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து அடைத்துக்கொண்டதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பிறகு போய்ப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. சுண்டெலி அட்டைப்பெட்டியிலிருந்த மெழுகுத் துண்டுகளைப் பல்லோடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. மெழுகைத் தின்றுவிட்டுப் பல்லைப் போட்டுவிட்டது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்கள் சக்கரத்தின் மேல் விழுந்து விழுந்து கடகடத்தன. வேகம் கூடினால் ஓரத்தில் ஒதுங்கி அடங்கின. எலி உள்ளே போன வழியும் தெரிந்தது. ஃப்ளைவீலில் உள்ள குறியைப் பார்ப்பதற்காகக் கூட்டின் மேல் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதற்கு ஒரு தகர மூடி இருக்க வேண்டும். இல்லை. ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது.

மூடி எங்கே போயிற்று என்று அவர் தேடவேண்டியிருக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால், அந்தக் குறியை வைத்து எஞ்சின் டைமிங்கைச் சரிபார்க்க வந்த அன்று அந்த மூடி கம்பியால் கட்டப்பட்டிருந்தது. "சீ, இங்கேயும் கம்பியா" என்று அறுத்து, மூடியைச் சுவரோரம் விட்டெறிந்தார். புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டு வந்து திருகு போட்டு மாட்டலாம் என்றுதான் எண்ணம். ஆனால் எறிந்ததிலேயே அவருக்கு வேலை முடிந்த மாதிரி ஆகிவிட்டது. அருவருப்பில் அப்படி ஒரு சுகம் உண்டு, காறித் துப்பிவிட்டால் சுத்தம் செய்துவிட்டதாகத் தோன்றும். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். மூடி கிடைத்தது. தம்பி முறுக்கிய கம்பியில் அறுத்தது போக மிச்சம் அதில் இன்னும் இறுக்கமாகவே இருந்தது.

எல்லாவற்றையும் கூட்டிக் குப்பையில் போட்டு, மூடியை மாட்டி, புதுப் பேரிங் போட்டுவிட்டதாகச் சொன்னால் தீர்ந்தது, எந்தக் கொம்பனுக்கும் தெரியப் போவதில்லை. இந்த நினைப்பு வந்ததை அவர் மறைக்கவில்லை, பின்னால் மனைவியிடமே சொன்னார். ஆனால் அந்த நினைப்பு உதட்டில் விழுந்த பல்லைவிட அதிகமாகக் குமட்டியது. பற்களை ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டு, மூடியை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

டாக்டர் கிண்ணத்தை மேசையில் கவிழ்த்து, பற்களை விரலால் ஆசையாகப் புரட்டினார். "அட, இது அந்தத் தையல்காரரோட முன்பல். வாங்கவே வரல மனுஷன்" என்று சிரித்தார். தம்பியைப் பற்றி இனி முதலாளியிடம் நல்லதாகச் சொல்லிவிடலாமே என்று சீச்சீக்காரர் கேட்டதும் அந்தச் சிரிப்பு அடங்கியது.

"நேத்தே போன்ல வேண்டாம்னு சொல்லிட்டேனேப்பா. முதலாளி முதல்ல நம்பல. சொந்த அண்ணனே சொல்றான்னு சொன்னேன். அதுக்கு மேல அவர் ஒண்ணும் கேக்கல."

சீச்சீக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. திறந்து பார்க்கும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தார். திறந்தாலும் இதேதான் என்று சொன்னது யார் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

பஸ் முதலாளியின் கூடத்துக்கு நேரே போனார். பழைய கார்கள் இரண்டு வரிசையாக நின்றன. மேலே பளபளப்பு, அடியில் துரு. இன்னொரு நாளாக இருந்தால் வாசலிலேயே ஆரம்பித்திருப்பார். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் மூடியை நீட்டி, பேரிங் நன்றாக இருந்ததையும் தப்பு தன்னுடையது என்பதையும் சொன்னார். முதலாளி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி சரியில்லேன்னு சொன்னதும் உன் வாய்தான். சரின்னு சொல்றதும் உன் வாய்தான். நான் எதை நம்பட்டும்?"

 முதலாளி மூடியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். நாளைக்கு வேறொரு ஆள் வருவதாக இருக்கிறான், அவன் வருவதற்கு முன்னால் தம்பி வந்து தன் கண்ணெதிரே ஒரு எஞ்சினைப் பிரித்து மாட்டட்டும் என்றார். ஒரு நிபந்தனை. அண்ணன் பக்கத்தில் நின்று கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க வேண்டும், வேலை முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"ஒரு சீ கேட்டாலும் ரெண்டு பேரும் நடையைக் கட்டலாம்" என்றார். பெயர் அங்கேயும் எட்டியிருந்தது.

லாரி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். தம்பி ஒரு டயர்மேல் உட்கார்ந்து மடியில் டப்பாவைத் திறந்து வைத்திருந்தான். கை முழங்கைவரை கறுப்பு. பிரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக அண்ணனைப் பார்க்கிறான், எழுந்திருக்கவில்லை. வேலை இல்லையென்ற சேதி அவனுக்கு வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. சீச்சீக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கம்பி நன்றாகக் கட்டியிருந்தது என்பதையும் சொன்னார், அதைச் சொல்லத்தான் நேரமெடுத்தது. தம்பி மென்றுகொண்டே கேட்டான்.

"மூடியை ஏன்ணே எறிஞ்ச?"

"கம்பி கட்டியிருந்துச்சு."

"திருகு நிக்கல, மரை தேஞ்சு போயிருந்துச்சு. புது மூடி வெட்டித் தரச் சொல்லி உன்கிட்டதான் கேட்டேன். 'சனியன், அடுத்த வாரம் பார்க்கலாம்'னு நீதான் சொன்ன."

சொல்லியிருப்பார். நினைவில்லை, ஆனால் குரல் அவருடையதுதான். 

"ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னாரா? உன்னால முடியுமா?"

"முடியும்."

 தம்பி டப்பாவிலிருந்த ரொட்டியைப் பிட்டு நீட்டினான். கட்டைவிரல் ரேகை அன்று போலவே கறுப்பாகப் பதிந்திருந்தது. "இந்தா" என்றான். குரலில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. எஞ்சினைச் சோதிக்கிறவன் வயரைப் பிடுங்குவது போலத்தான் நீட்டினான்.

சீச்சீக்காரர் வாங்கி வாயில் போட்டார். கிரீஸும் டயர்ப் புழுதியும் நாக்கில் ஒட்டின. பல்லுக்கு நடுவே மணல் நறநறத்தது. அது மகா கேவலமான ரொட்டி, அதில் எந்த மாற்றமும் இல்லை. அடிவயிற்றிலிருந்து 'சீ' கிளம்பித் தொண்டைவரை வந்தது. தம்பி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் சேர்த்து விழுங்கினார்.

"இன்னொண்ணு?" என்றான் தம்பி.

அவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார்.